நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. காலையில் இரண்டு சுற்று நடக்கிறார். நீ கேட்ட பருப்புப் பொடியும் சுண்டை வற்றலும் திங்கட்கிழமை பார்சலில் போட்டாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோதே உன் குரல் சரியில்லை. அந்த ஒன்பது வயதுப் பையனைப் பற்றிச் சொன்னாய். வாசிக்கத் திணறுகிறான், வகுப்பில் சண்டை போடுகிறான், அவனைத் தனி வகுப்புக்கு அனுப்பிவிடலாம் என்று பள்ளியில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள், உன் அறிக்கை மட்டும்தான் பாக்கி என்றாய். "நான் கையெழுத்துப் போட்டா முடிஞ்சதும்மா" என்று நீ சொன்ன பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. முப்பத்தொரு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள் நான். அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "யோசிச்சுச் செய் கண்ணு" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. போனில் சொல்ல முடியாததை எழுதித்தான் பார்க்க வேண்டும் என்று காலையில் இந்தத் தாளை எடுத்தேன்.

உனக்கு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வேலை கிடைத்த நாளிலிருந்து, அங்கே வாழ்ந்த கென்னத், மேமி கிளார்க் என்ற கறுப்பு உளவியலாளர் தம்பதியைப் பற்றி நான் தேடித் தேடிப் படித்துவருவது உனக்குத் தெரியும். பரணில் கிடந்த உன் எம்.ஏ. உளவியல் புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு பத்திதான் ஒதுக்கியிருந்தார்கள். பொம்மைச் சோதனை, பள்ளிகளில் கறுப்பு வெள்ளை என்று பிரித்து வைப்பது செல்லாது என்ற 1954 தீர்ப்பு, அவ்வளவுதான். நீயும் பரீட்சைக்கு அதைத்தான் படித்திருப்பாய். அந்த ஒரு பத்திக்குப் பின்னால் இரண்டு பேருடைய முழு வாழ்க்கை இருக்கிறது. நீ தினமும் சுரங்க ரயிலில் இறங்கி நடக்கிற தெருக்களில்தான் அதில் பாதி நடந்தது. அதனால்தான் இதை உனக்கு எழுதத் தோன்றியது.

கென்னத் கிளார்க் 1914-இல் பனாமா கால்வாய்ப் பகுதியில் பிறந்தவர். அப்பாவுக்கு ஒரு பழக் கம்பெனியில் வேலை. அம்மா மிரியம், ஜமைக்காக்காரி. கென்னத்துக்கு ஐந்து வயது வாக்கில் மிரியம் தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நியூயார்க் வந்துவிட்டார். கணவர் கூட வரவில்லை. ஹார்லெமில் தங்கி, ஆயத்த ஆடை தைக்கிற பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். குறைந்த கூலி, நீண்ட நேரம். அங்கே தொழிற்சங்கம் கட்டுவதில் முன்னால் நின்று, பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் பிரதிநிதியாகவும் இருந்தார்.

பையன் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற வயது வந்தது. பள்ளியில் ஆலோசகர் என்று ஒருவர் இருப்பாரே, இந்தப் பிள்ளை இங்கே போகலாம், அந்தப் பிள்ளை அங்கே போகலாம் என்று சொல்கிறவர், அவர் கென்னத்தைத் தொழிற்பள்ளிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். கறுப்புப் பிள்ளைகள் என்றால் அந்தக் காலத்தில் அங்கே அதுதான் வழக்கம். மதிப்பெண் என்ன, ஆசை என்ன என்று யாரும் கேட்பதில்லை. கென்னத் வீட்டுக்கு வந்து சொன்னதும் மிரியம் நேரே பள்ளிக்குப் போனார். அரை நாள் கூலி போயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். மற்றவர்களை எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள், என் பிள்ளை தொழிற்பள்ளிக்குப் போக மாட்டான் என்று ஆலோசகரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தார். பையன் ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து 1931-இல் படிப்பை முடித்தான்.

இந்த இடம் வந்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டேன், இரண்டு நாள் திறக்கவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அப்புறம் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகம். மருத்துவம் படிக்க நினைத்துப் போனவரை உளவியல் பக்கம் திருப்பியவர் ஃபிரான்சிஸ் சம்னர் என்ற பேராசிரியர். அமெரிக்காவில் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பர் இந்த சம்னர்தான், 1920-இல். நல்ல வாத்தியார் ஒருவர் எதிர்ப்பட்டால் ஒரு மாணவனுக்கு என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதே ஹோவர்டுக்கு ஆர்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து ஒரு டாக்டரின் மகள், மேமி ஃபிப்ஸ், கணக்குப் படிக்க வந்தாள். கணக்குத் துறையில் பெண்பிள்ளைகளை ஆசிரியர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. உளவியலுக்கு மாறிவிடு, குழந்தைகளைப் பற்றிப் படிக்கலாம் என்று சொன்னவர் கென்னத். 1937-இல் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

கண்ணு, பொம்மைச் சோதனை என்றதும் எல்லோரும் கென்னத் பெயரைத்தான் சொல்கிறார்கள். அதன் வேர் மேமியின் முதுகலை ஆய்வு. இளங்கலைப் பட்டம் வாங்கிய கோடையில் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்ற வழக்கறிஞரின் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். பள்ளிகளில் இனப் பிரிவினையை எதிர்த்து வழக்குகள் தயாராகிக்கொண்டிருந்த இடம் அது. அங்கே காதில் விழுந்ததெல்லாம் மனதில் கிடந்திருக்க வேண்டும். பள்ளி வயது வராத சின்னக் கறுப்புக் குழந்தைகளிடம் கோட்டுப் படங்களைக் காட்டி, "இதில் நீ யார்?" என்று கேட்டாள். தான் கறுப்பு என்பது ஒரு குழந்தைக்கு எந்த வயதில் தெரியவருகிறது என்பதுதான் அவள் கேள்வி. அது மேமியின் ஆராய்ச்சி, நான் நடுவில் புகுந்து தொற்றிக்கொண்டவன் என்று பிற்காலத்தில் கென்னத்தே சொல்லியிருக்கிறார். புருஷன் பெயரில் நிற்கிற வேலையில் பெண்டாட்டியின் பங்கை வாய்விட்டுச் சொல்கிற ஆண்கள் குறைவு. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

இரண்டு பேரும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார்கள். அவர் 1940, அவள் 1943. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அவள் படித்தாள். மேமிக்கு வழிகாட்டிப் பேராசிரியர் ஹென்றி கேரட், வெள்ளையரும் கறுப்பரும் பிறப்பிலேயே அறிவில் வேறு என்று நம்பியவர். தெரிந்தேதான் மேமி அவரிடம் போய்ச் சேர்ந்தாள். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வரும்.

சரி, பொம்மைகளுக்கு வருகிறேன். 125-ஆம் தெருவில் உல்வொர்த் கடையில் ஒன்று ஐம்பது சென்ட் என்று வாங்கிய நான்கு பொம்மைகள். நீ அந்தத் தெரு வழியாகத்தானே போகிறாய்? நான்கும் ஒரே அச்சு. இரண்டுக்குப் பழுப்பு நிறம், கறுப்பு முடி. இரண்டுக்கு வெள்ளை நிறம், மஞ்சள் முடி. மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 253 கறுப்புக் குழந்தைகளிடம் கேட்டார்கள். 134 பேர் ஆர்கன்சாவில் பிரித்து வைக்கப்பட்ட பள்ளிகளில் படித்தவர்கள். 119 பேர் வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில், வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தவர்கள். விளையாட உனக்குப் பிடித்த பொம்மையைக் கொடு. நல்ல பொம்மையைக் கொடு. பார்க்க மோசமாக இருக்கிற பொம்மையைக் கொடு. அழகான நிறமுள்ள பொம்மையைக் கொடு. அப்புறம் வெள்ளைப் பிள்ளை மாதிரி இருப்பது எது, நீக்ரோ பிள்ளை மாதிரி இருப்பது எது என்று. கடைசியில், உன்னை மாதிரி இருக்கிற பொம்மையைக் கொடு.

67 சதவீதம் பேர் விளையாட எடுத்தது வெள்ளைப் பொம்மை. மோசமாக இருப்பது எது என்றதற்கு 59 சதவீதம் பேர் பழுப்பைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கடைசிக் கேள்வி வருகிறது, பார். இப்போதுதான் மோசம் என்று தள்ளி வைத்த பொம்மையை மறுபடி கையில் எடுத்து "இதுதான் நான்" என்று சொல்ல வேண்டும். வடக்கே சில பிள்ளைகள் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடினார்கள். தெற்கே ஒரு பையன் சிரித்தான். சிரித்துக்கொண்டே பழுப்புப் பொம்மையைக் காட்டி, வெள்ளையர்கள் ஏசுகிற அந்தச் சொல்லையே பொம்மைக்கும் சொல்லி, தனக்கும் சொல்லிக்கொண்டான். அழுத பிள்ளையைவிட இந்தச் சிரிப்பு தன்னை அதிகம் கலங்கடித்தது என்றார் கென்னத். முடிவுகளைக் கண்டு தாங்களே அரண்டுபோய்ச் சில வருஷம் வெளியிடாமல் வைத்திருந்தார்கள். ஆய்வு அச்சில் வந்தது 1947-இல்.

இதைப் படிக்கும்போது உன் ஐந்தாவது வயது எனக்கு ஞாபகம் வந்தது. கொலுவில் வைக்கிற மரப்பாச்சி ஜோடியை ஆச்சி உனக்கு விளையாடக் கொடுத்தாள். கருங்காலியில் செய்தது, ஆச்சியின் அம்மா காலத்தது. நீ அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம், கறுப்பா இருக்கு" என்றாய். அடுத்த வீட்டில் இருந்த மாதிரிக் கண் மூடித் திறக்கிற சிவப்பு உதட்டுப் பொம்மைதான் வேண்டும் என்று அழுதாய். வாங்கிக் கொடுத்தோம். வருகிறவர் போகிறவர் எல்லாம் உன்னைப் பார்த்து "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று சொல்வார்கள், நானும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு காபி கொடுப்பேன். அந்த 'இருந்தாலும்' உன் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது என்று எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு பொம்மைகள் நீதிமன்றத்துக்குப் போன கதை. தெற்குக் கரோலினா மாநிலத்தில் கிளாரண்டன் என்ற மாவட்டம். வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பள்ளிப் பேருந்துகள், கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு பேருந்து கொடுங்கள் என்றுதான் பெற்றோர் முதலில் கேட்டார்கள். 1949-50-இல் அங்கே ஒரு வெள்ளைப் பிள்ளையின் படிப்புக்கு 179 டாலர் செலவு செய்தார்கள், கறுப்புப் பிள்ளைக்கு 43 டாலர். மனுவில் முதலில் கையெழுத்துப் போட்ட ஹாரி பிரிக்ஸுக்குப் பெட்ரோல் நிலையத்தில் இருந்த வேலை போயிற்று. அவர் மனைவி எலைசாவுக்கும் வேலை போயிற்று. அவர்களைத் திரட்டிய பாதிரியார் ஜோசப் டிலெய்னின் வீடு எரிந்தது. கையெழுத்து என்பது அங்கே அவ்வளவு விலையுள்ளதாக இருந்திருக்கிறது.

பேருந்து கேட்டது பிரிவினையையே எதிர்க்கிற வழக்காக வளர்ந்தது. அதை நடத்தியவர் தர்குட் மார்ஷல். அவரோடு இருந்த ராபர்ட் கார்ட்டர்தான் கென்னத்தைத் தேடி வந்தவர். பிரிவினை பிள்ளையின் மனதை என்ன செய்கிறது என்று 1950-இல் வெள்ளை மாளிகை மாநாடு ஒன்றுக்குக் கென்னத் எழுதிய அறிக்கை அவர் கண்ணில் பட்டிருந்தது. 1951 மே மாதம் கென்னத் அதே பொம்மைகளைப் பையில் வைத்துக்கொண்டு கிளாரண்டன் போய், ஆறு வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள 16 பிள்ளைகளைச் சோதித்தார். 11 பேர் பழுப்புப் பொம்மைதான் மோசம் என்றார்கள். அதைச் சார்ல்ஸ்டன் நகர நீதிமன்றத்தில் சாட்சியாகச் சொன்னார். மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் எதிராகத் தீர்ப்புச் சொல்ல, வேட்டீஸ் வேரிங் என்ற ஒருவர் மட்டும் பிரித்து வைப்பதே சமமின்மைதான் என்று மாறுபட்டு எழுதினார்.

அடுத்த வருஷம் வர்ஜீனியாவில் இன்னொரு வழக்கு. அங்கே மாநிலத்தின் பக்கம் சாட்சி சொல்ல வந்து நின்றவர் ஹென்றி கேரட். மேமிக்குப் பட்டம் வழிகாட்டிய அதே பேராசிரியர். பிரிவினையால் கறுப்புப் பிள்ளைகளுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை என்று சொல்ல வந்திருந்தார். அவருக்கு மறுப்பாக மேமியைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். அவளும் போய்ச் சொன்னாள். எனக்கு இந்த வரலாற்றிலேயே பெரிய காட்சி இதுதான். குருவுக்கு எதிராகப் பேசுவது நம் வளர்ப்பில் எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். உன் தலைமை ஆசிரியர் கூட்டத்தில் நீ வாயைத் திறக்கத் தயங்குவதும் அதனால்தான் என்று எனக்குத் தெரியும்.

இந்த வழக்குகள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயின. 1954 மே 17. அங்கே ஒன்பது நீதிபதிகளும் பிரிவினை செல்லாது என்று ஒரே குரலில் சொன்னார்கள். தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய வாக்கியத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்: வயதிலும் தகுதியிலும் தங்களை ஒத்த பிள்ளைகளிடமிருந்து இனம் என்ற ஒரே காரணத்துக்காக இவர்களைப் பிரிப்பது, சமூகத்தில் தங்கள் இடம் தாழ்ந்தது என்ற உணர்வை உண்டாக்குகிறது, அது இவர்களுடைய நெஞ்சையும் மனத்தையும் இனி என்றைக்குமே சரியாக வாய்ப்பில்லாதபடி பாதிக்கக்கூடும். அந்தத் தீர்ப்பின் 11-ஆம் அடிக்குறிப்பில் முதல் பெயர் கென்னத் கிளார்க். 1896 முதல் நின்ற 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற ஏற்பாடு பள்ளிகளைப் பொறுத்தவரை அன்றைக்குச் சட்டத்தில் செத்தது.

அந்த ஆய்வில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நீயும் கேட்பாய், 16 பிள்ளைகள் போதுமா என்று. போதாது. வடக்கே சேர்ந்து படித்த பிள்ளைகள்தான் வெள்ளைப் பொம்மையைக் கொஞ்சம் அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள், அப்படியானால் பள்ளிப் பிரிவினைதான் காரணம் என்று எப்படிச் சொல்லலாம் என்று எதிர்த்தரப்பு கேட்டது. நியாயமான கேள்விதான். தெற்குப் பிள்ளைகள் தங்கள் நிலைமைக்குப் பணிந்துவிட்டார்கள், அந்த அமைதி ஆரோக்கியம் இல்லை என்பது கென்னத்தின் பதில். நான் அவர் பக்கம்தான். வகுப்பில் ஒரு மூலையில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நல்ல பிள்ளை என்று நினைத்து விட்டுவிட்ட அனுபவம் எனக்கு நிறைய உண்டு.

தீர்ப்பு வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. அதே வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம், சேர்த்துப் படிக்க வைப்பதைவிட மூடிவிடுவது மேல் என்று 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே மூடி வைத்தது. தெற்கு மாநிலங்களில் பள்ளிகளை இணைத்தபோது கறுப்பு ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். வாத்தியார் என்பதால் அந்த வரியைக் கடக்க எனக்கு நேரமாயிற்று. பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்த்துக்கொண்டு, அவனை நம்பிய டீச்சரை வெளியே நிறுத்திவிட்டால் அவன் யார் முகத்தைப் பார்ப்பான்?

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். தீர்ப்புக்கு எட்டு வருஷம் முன்னாலேயே, 1946-இல், மேமி ஹார்லெமில் ஒரு வேலையைத் தொடங்கியிருந்தாள். முனைவர் பட்டம் வாங்கியும் கறுப்புப் பெண்ணுக்குத் தகுந்த வேலை கிடைக்கவில்லை. வீடில்லாத கறுப்புப் பெண்பிள்ளைகள் இருந்த விடுதியில் சோதனைகள் நடத்துகிற வேலைதான் கிடைத்தது. இந்தப் பிள்ளைகளுக்கு மனநல உதவி என்று ஹார்லெமில் எதுவும் இல்லை என்பதை அங்கேதான் கண்டாள். இருக்கிற நிறுவனங்களிடம் கேட்டுப் பார்த்தார்கள், யாரும் முன்வரவில்லை. மேமியின் அப்பாவிடம் 946 டாலர் கடன் வாங்கி, டன்பார் குடியிருப்பின் அடித்தளத்தில் இரண்டு பேரும் தாங்களே ஒரு மையம் திறந்தார்கள். அதுதான் நார்த்சைடு.

அங்கே முதலில் கூட்டமாக வந்தவர்கள் யார் தெரியுமா? மூளை வளர்ச்சி குறைந்தவர்களுக்கான தனி வகுப்பில் பிள்ளையைப் போடப் போகிறோம் என்று பள்ளியிலிருந்து சொல்லப்பட்ட பெற்றோர்கள். மேமி அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்து மறுபடி சோதித்தாள். பெரும்பாலானவர்களுடைய மதிப்பெண் அந்த வகுப்புக்கான வரம்புக்கு மேலேயே இருந்தது. அவர்கள் அங்கே போக வேண்டியவர்களே இல்லை. வாசிப்பு வராதவனுக்கு வாசிப்புச் சொல்லிக் கொடுத்தாள். வீட்டில் குளிர் தாங்காதவனுக்கு, வீடே சரியில்லாதவனுக்கு, அந்த ஏற்பாட்டையும் பார்த்தாள். பிள்ளையின் மனதுக்குள்ளேயே தோண்டிக்கொண்டிருந்தால் போதும் என்று சொன்ன நிபுணர்களோடு அவளுக்கு ஒத்துப்போகவில்லை. 1979 வரை முப்பத்து மூன்று வருஷம் அந்த இடத்தை அவள்தான் நடத்தினாள். தீர்ப்பைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. பத்திரிகையில் வராத வேலை. ஒவ்வொரு பிள்ளையாக.

கென்னத் வேறு வழியில் போனார். நியூயார்க் சிட்டி காலேஜில் பாடம் சொல்லிக்கொண்டே, தெற்கைக் குறை சொல்கிற நியூயார்க்கிலும் பள்ளிகள் பிரிந்துதான் கிடக்கின்றன என்று 1954-இலேயே மேடையில் சொல்லிக் கல்வி வாரியத்தின் கோபத்தைச் சம்பாதித்தார். ஹார்லெம் இளைஞர்களுக்காக 1962-இல் ஒரு பெரிய திட்டம் தொடங்கினார், அரசியல்வாதிகள் கைக்குப் போனதும் விலகினார். 1966 முதல் இருபது வருஷம் நியூயார்க் மாநிலக் கல்வி ஆட்சிக்குழுவில் இருந்தார், அந்தக் குழுவின் முதல் கறுப்பு உறுப்பினர். அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் கறுப்புத் தலைவரும் அவர்தான். இதெல்லாம் பெருமைதான், ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்றைத்தான் நான் குறித்து வைத்தேன். ஏழைக் கறுப்புப் பிள்ளைகள் வீட்டுச் சூழலால் பின்தங்கிவிட்டார்கள், பள்ளி என்ன செய்ய முடியும் என்று அப்போது பெரிய பெரிய படிப்பாளிகளெல்லாம் எழுதினார்கள். கென்னத் ஒப்புக்கொள்ளவில்லை. இவர்களால் முடியாது என்று ஆசிரியர் முதல் நாளே முடிவு செய்துவிடுகிறார், அதனால் சொல்லிக் கொடுப்பதில்லை, சொல்லிக் கொடுக்காததால் பிள்ளைக்கு வருவதில்லை, வராததைக் காட்டி முதல் நாள் முடிவு சரிதான் என்கிறார்கள் என்றார். 1970-இல் வாஷிங்டன் நகரப் பள்ளிகளுக்கு, எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிப்பை முதல் வேலையாக வைத்து ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். ஆசிரியர்கள் எதிர்த்தார்கள், திட்டம் நிற்கவில்லை.

அவர் வாழ்க்கையில் என்னை உறுத்துகிற ஒன்றையும் சொல்ல வேண்டும். தன் பிள்ளைகளை அவர் ஹார்லெம் பள்ளிகளில் சேர்க்கவில்லை. 1950-இல் நகருக்கு வெளியே ஹேஸ்டிங்ஸ் என்ற ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். என் பிள்ளைகளுக்கு இருப்பது ஒரு வாழ்க்கைதான் என்றார். அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிரியம் செய்ததும் அதுதான். நான் உனக்குச் செய்ததும் அதுதான். அரசுப் பள்ளியில் நான் வேலை பார்த்துக்கொண்டு உன்னை வேறு பள்ளியில் சேர்த்தேன்.

மேமி 1983-இல் போய்விட்டாள். கென்னத் 2005 வரை இருந்தார், தொண்ணூறு வயது. கடைசிக் காலத்தில் அவருக்கு நம்பிக்கை குறைந்துபோயிற்று. பிள்ளைகள் மறுபடியும் பிரிந்த பள்ளிகளில் உட்காருவதைப் பார்த்துக்கொண்டே போனார்.

சரி, புத்தகத்தை மூடிவைத்த காரணத்தைச் சொல்கிறேன். இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

நீ பிறப்பதற்கு முந்தைய வருஷம். பத்தாம் வகுப்பு முடிவு வந்து, பதினொன்றில் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. யாருக்கு எந்தக் குரூப் என்று பார்த்துச் சொல்கிற பொறுப்பு எனக்கு. காலனியிலிருந்து வந்த ஒரு பெண், நானூறுக்கு மேல் மதிப்பெண். முதல் குரூப் வேண்டும் என்றாள். நான் அவள் தாளைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "உங்க வீட்டுல தொடர்ந்து படிக்க வைப்பாங்களா? தொழிற்பிரிவுல தையல் எடு, சீக்கிரம் கையில காசு வரும்" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன், அதுதான் கொடுமை. மறுநாள் அவள் அம்மா வந்தாள். நாற்று நடவு நேரம், சேறு காய்ந்த காலோடு ஆசிரியர் அறை வாசற்படிக்கு வெளியே நின்று, "அவ ஆசப்படுறா டீச்சர்" என்றாள். அறைக்குள் நாலு நாற்காலி காலியாக இருந்தது. அவளை நிற்க வைத்தே இரண்டு நிமிஷத்தில் பேசி அனுப்பினேன். அதே வாரம் நம் தெருப் பெண் ஒருத்தி, இவளைவிட முப்பது மதிப்பெண் குறைவு, அவளுக்கு முதல் குரூப் எழுதிக் கொடுத்தேன். இரண்டும் என் கையெழுத்துதான்.

தலையெழுத்து என்று சொல்கிறோமே, அதைப் பிரம்மா எழுதுகிறான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நானே எழுதியிருக்கிறேன். மிரியத்தை எதிரே உட்காரவைத்துப் பேசிய அந்த ஆலோசகர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், கண்ணாடி போட்டு, காட்டன் சேலை கட்டி, என் முகம்தான் வருகிறது.

அந்தப் பெண் இப்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். என்னைக் கண்டால் எழுந்து நிற்பாள். போன வருஷம் ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். காசு வாங்க மறுத்துவிட்டாள், "நீங்க சொல்லித்தானே டீச்சர் இந்தத் தொழில்" என்றாள். அவள் மனதில் வேறு எதுவும் இல்லை, நன்றியாகத்தான் சொன்னாள். நான் அந்த ரவிக்கையை இன்னும் போடவில்லை. இந்த மாதம் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லலாம் என்று இருக்கிறேன். சொல்வதால் அவளுக்கு என்ன என்றும் தோன்றுகிறது. போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

உன் பையனுக்குத் தனி வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அவனுக்கு உண்மையிலேயே அது தேவையாக இருக்கலாம், அது உன் படிப்புக்குத்தான் தெரியும். ஆனால் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிற பிள்ளை என்றாய். சோதனையை எந்த மொழியில் வைத்தார்கள்? கண் பார்த்தார்களா, காது பார்த்தார்களா? என் வகுப்பில் இரண்டு வருஷம் மக்கு என்று பெயர் வாங்கிய பையனுக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்று கடைசியில் தெரிந்தது. யாரோடு சண்டை போடுகிறான், எந்தப் பாடவேளையில்? எழுந்து வாசிக்கச் சொல்கிற வேளையிலா? ஒரு நாள் முழுக்க அவன் வகுப்பின் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்து பார். அறிக்கைக்குத் தேதி கேட்டால், இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்று சொல். கூட்டத்தில் எல்லோரும் உன்னைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், மேமி கேரட்டுக்கு எதிரே நின்றாள்.

அவன் அம்மா ராத்திரி ஷிப்ட் வேலை, கூப்பிட்டால் வருவதில்லை என்று உன் பள்ளியில் சொல்கிறார்களாம். நீயே கூப்பிடு. அவளுக்கு முடிகிற நேரம் எது என்று கேட்டு, அந்த நேரத்துக்கு நீ இரு. அவள் வந்ததும் முதலில் உட்காரச் சொல்.

அன்புடன்,
அம்மா